ஏற நூறு, இறங்க நூறு

பனைமரத்தொட்டி, இராயபுரம்
5.9.1954

அன்புத் தங்கை காத்தூன் பீவிக்கு, அண்ணன் தாவூது ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே அல்லாஹ் உதவியால் நான் சுகம். நீயும் உன் மகன் பஷீரும் மருமகள் மைமூனும் சுகம் என்று கேள்விப்பட்டால்தான் என் சுகம் முழுசாகும்.

மேலே “எழுதுவது” என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதை இன்னொரு தடவை படிக்கச் சொல் மைமூனை. இத்தனை வருஷமும் அது பொய். எழுதியதெல்லாம் தபாலாபீஸ் வாசலில் மேசை போட்டிருந்த ஆள். நான் பக்கத்தில் குந்திக்கொண்டு சொன்னேன், அவ்வளவுதான். இன்றைக்கு அது மெய். இந்தக் கடிதத்தை என் கைதான் எழுதுகிறது.

கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் வயசானவர்களுக்கு வகுப்பு வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் பெஞ்சு, முழங்கால் இடிக்கிறது. அருள்பிரகாசம் என்று ஒரு வாத்தியார். என் பேரனாக இருக்க வேண்டிய வயசு. என்னைத் தாத்தா என்று கூப்பிட்டுக்கொண்டே திட்டுகிறார். “ழ” என் கைக்கு வர ஒரு மாசம் ஆயிற்று. இப்போது நன்றாக வருகிறது. தேவையில்லாத இடத்தில்கூட அதை வைத்து எழுத ஆசையாக இருக்கிறது.

முன்னே தெருவில் சுவர் சுவராக இருந்தது. இப்போது ஒரு சுவர் சோடா என்கிறது. ஒரு சுவர் வீடு வாடகைக்கு என்கிறது. ஹார்பர் கிடங்குச் சுவர் இங்கே அசுத்தம் செய்யாதே என்கிறது. அந்தச் சுவரோரம் உட்கார்ந்து முப்பது வருஷம் கிழிந்த கோணி தைத்திருக்கிறேன். அது என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்துவிட்டது.

உன் பதிலை நானே படிப்பேன். ஆகையால் சீக்கிரம் அனுப்பு. மகள் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. எல்லோருக்கும் என் துஆ.

அண்ணன்
தாவூது
(கையெழுத்தும் நானே)


சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்
28.9.1954

பெருமதிப்பிற்குரிய தமையனார் அவர்களின் சமூகத்திற்கு, தங்கை காத்தூன் பீவி ஸலாம் கூறி வரைந்துகொள்வது. இறையருளால் இவ்விடம் யாவரும் நலம். தாங்களும் நலமுடன் இருக்க நாளும் துஆ செய்கிறேன்.

தங்கள் திருக்கரத்தால் எழுதிய மடல் கிடைக்கப்பெற்று எல்லையில்லா மகிழ்ச்சி அடைந்தேன். அதை என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். எனக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

காசிமேட்டுக் கரையில் வலைகளை உலர்த்தும்போது எழும் மணம் இன்னும் வீடு வரை வருகிறதா என்று தெரிவிக்கவும். என் கணவர் காலமான பிறகு பஷீர் கடையைத் திறம்பட நடத்தி வருகிறார். எனக்கு யாதொரு குறையும் இல்லை. மணமாகி இங்கு வந்தபோது கப்பலில் பட்ட துன்பத்தை நினைத்தால் இன்றும் தலை சுற்றுகிறது. கப்பலில் மீண்டும் கால் வைக்க மாட்டேன் என்று அன்றே சொல்லிவிட்டதால், இனி நம் சந்திப்பு மறுமையில்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன்.

தங்கள் அன்புத் தங்கை
காத்தூன் பீவி

மாமா, எழுதியது மைமூன். மாமி சொல்லச் சொல்ல எழுதினேன். உங்கள் “ழ” மிகவும் அழகாக இருக்கிறது.


இராயபுரம்
17.10.1954

அன்புத் தங்கை காத்தூனுக்கு அண்ணனின் ஸலாம். இங்கே மழை தொடங்கிவிட்டது. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. உனக்கு என்ன என்ன வலி என்று ஒளிக்காமல் எழுது.

உன் கடிதத்தை நானே படித்தேன். “தாங்கள்” வருகிற இடத்திலெல்லாம் நின்று நின்று போனேன். நீ என்னைத் தாங்கள் என்று கூப்பிடுவதை என் கண்ணால் பார்த்தது இதுதான் முதல் தடவை. வலை வாசம் வருகிறது. அதற்கு எந்தக் குறையும் வரவில்லை.

இப்போது பெரிய சேதி. இந்த வருஷம் முதல் மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு ஆகாய விமானம் போகிறதாம். வாத்தியார் பேப்பரில் வாசித்துக் காட்டினார். ஏறி உட்கார்ந்தால் ஒரு பகல் பொழுதுதான். அலை கிடையாது. வாந்தி கிடையாது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ வரலாம் காத்தூன்.

தூரம் எவ்வளவு என்று விசாரித்தேன். ஆகாய மார்க்கமாக ஆயிரத்து எண்ணூறு மைல் என்றார் வாத்தியார். ஹார்பரில் சரக்கு எண்ணிக் குறிக்கிற லியோனார்ட் நம் அடுத்த தெரு. அவனைக் கேட்டால் கடல் மார்க்கமாக ஆயிரத்து அறுநூறு என்றான். எனக்கு ஒரே குழப்பம். விமானம் குறுக்கே போகிறது என்று ஊரே சொல்கிறது. அதற்கு எப்படித் தூரம் அதிகமாகும்? கோணி தைத்துக்கொண்டே யோசித்தேன். ஒரு மத்தியானம் தானாக விளங்கியது. கப்பல் தண்ணீர் மட்டத்திலேயே போகிறது. விமானம் முதலில் ஏற வேண்டும், கடைசியில் இறங்க வேண்டும். ஏற நூறு மைல், இறங்க நூறு மைல். கணக்குச் சரியாகப் போயிற்று.

வகுப்பில் சுவரில் உலகப் படம் தொங்குகிறது. என் சணல் நூலை வைத்து அளந்து பார்த்தேன். மெட்ராஸ் புள்ளியிலிருந்து சிங்கப்பூர்ப் புள்ளிக்கு என் கையால் ஒரு சாண்கூட வரவில்லை. அந்த நூலை அறுத்து விரலில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது தெற்கே ஒரு விமானம் மின்னிக்கொண்டு போனது. சிங்கப்பூர் போவதோ கொழும்பு போவதோ யாருக்குத் தெரியும். நான் சிங்கப்பூர் என்றே வைத்துக்கொண்டேன். ரோட்டில் மைல் கல் நட்டிருக்கிறார்கள். ஆகாயத்தில் எதில் எழுதி வைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மேகத்தில் எழுதினால் அது நகர்ந்துவிடுமே.

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறதா? வண்ணாரப்பேட்டை மாமி வீட்டுக்குப் போகும்போதெல்லாம், எது கொடுத்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அம்மா மிரட்டி அழைத்துப் போவார்கள். நான் முட்டாள், “வேணாம்” என்பேன். எனக்குச் சேமியாப் பாயசம் கிடைக்காது. நீ கிண்ணத்தை நீட்டிக்கொண்டே “மெய்யாலுமே வேணாம் மாமி” என்பாய். உனக்கு இரண்டு கரண்டி விழும். பிறகு வீட்டிலும் அதுவே வழக்கமாகிவிட்டது. காத்தூன் வேணாம் என்றால் வேண்டாம், மெய்யாலுமே வேணாம் என்றால் இன்னும் ஊற்று என்று அம்மாவே சொல்வார்கள். நேற்று மகள் பாயசம் வைத்தாள். நானும் அதைச் சொல்லிப் பார்த்தேன். ஊற்றாமல் போய்விட்டாள்.

பதில் எழுது. இந்த நீலத் தாளும் விமானத்தில்தான் வருகிறது. அது வருகிற வழியைப் பார்த்து வைத்துக்கொள். பிள்ளைகளுக்கு துஆ.

அண்ணன்
தாவூது


சிங்கப்பூர்
14.11.1954

பெருமதிப்பிற்குரிய தமையனார் அவர்களுக்கு, தங்கை காத்தூன் பீவி ஸலாத்துடன் வரைவது. இவ்விடம் யாவரும் நலம். தங்கள் முழங்கால் வலிக்கு நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தேய்க்கவும்.

தாங்கள் அன்புடன் அழைத்தமைக்கு நன்றி. ஆனால் நூறு மைல் உயரத்திற்கு ஏறுவதை எண்ணும்போதே அச்சமாக உள்ளது. அவ்வளவு உயரம் இராது என்று பஷீர் சொல்கிறார். அப்படியாயின் அந்த இருநூறு மைல் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதும் அவர் கடைக்குப் புறப்பட்டுவிட்டார். மேலும் தங்கள் கையாலேயே எழுதப்பட்டிருப்பது எவ்வாறு தவறாகும்? பஷீரும் என் உடல்நிலையை எண்ணித் தயங்குகிறார்.

தாள் போகும் வழியில் மனிதர் போக இயலாது. தாளுக்கு மூச்சு முட்டாது. ஆகவே இந்த எண்ணத்தைத் தாங்கள் விட்டுவிட வேண்டுகிறேன். உண்மையாகவே எனக்கு அங்கு வருவதில் விருப்பம் இல்லை. என்னைப் பற்றிக் கவலை கொள்ள வேண்டாம்.

தங்கள் அன்புத் தங்கை
காத்தூன் பீவி

மாமா, எழுதியது மைமூன். சேமியாப் பாயசம் பற்றி வாசித்தபோது மாமி இருமல் வரும்வரை சிரித்தார்கள்.


இராயபுரம்
2.12.1954

அன்புத் தங்கை காத்தூனுக்கு அண்ணனின் ஸலாம். நல்லெண்ணெய் தேய்த்தேன். வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. உனக்கு என்ன வலி என்று எழுத மறந்துவிட்டாய்.

உன் கடிதத்தைப் படித்ததும் நேரே லியோனார்டிடம் போனேன். நூறு மைலை அவனிடம் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தான்.

“இன்னா பாய், கடல் மைலு வேற, ரோட்டு மைலு வேற. கடல் மைலு கொஞ்சம் நீட்டு. அதான் எண்ணிக்கை கொறையுது. ரெண்டும் ஒரே தூரந்தான்.”

“அப்ப ஆகாசத்துக்கு எந்த மைலு?”

“ஆகாசத்துக்குன்னு மைலே கெடயாது. பேப்பர்காரன் ரோட்டு மைல கடன் வாங்கிப் போட்டுக்கினு கீறான்.”

எவ்வளவு உயரம் ஏறும் என்று கேட்டேன். மூன்று நான்கு மைல் இருக்கும் என்றான். மூன்று மைல் என்றால் நம் வீட்டிலிருந்து திருவொற்றியூர் காலடிப்பேட்டை வரைக்கும். அவ்வளவுதான் காத்தூன். காலடிப்பேட்டைக்குப் போகிற தூரத்தை நிமிர்த்தி வைத்த மாதிரி.

தப்பு என்னுடையது. வாயால் சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும். எழுதிவிட்டேன், நீ நம்பிவிட்டாய். எழுத்துக்கு இவ்வளவு பலம் இருக்கிறது என்று வாத்தியார் சொல்லித் தரவில்லை.

ஆனால் நீ வர விருப்பமில்லை என்று எழுதியிருக்கிறாய். உண்மையாகவே என்றும் எழுதியிருக்கிறாய். அப்படியானால் நான் வற்புறுத்தக் கூடாது. நூலை விரலிலிருந்து கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். உனக்கு அங்கே பிள்ளை, மருமகள், வீடு எல்லாம் இருக்கிறது. சந்தோஷமாக இரு.

அண்ணன்
தாவூது


இராயபுரம்
20.1.1955

என் மகளைப் போன்ற மைமூனுக்கு, தாவூது மாமாவின் ஸலாமும் துஆவும். நான் சுகம். நீங்கள் சுகமா என்று தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் கடிதம் போய் ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது. பதில் இல்லை. தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்குக் கிடங்கிலிருந்து கிளம்பி வந்துவிடுகிறேன். அவர் என்னைப் பார்த்தாலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார். நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? காத்தூனுக்குக் கோபமா?

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதே. உன் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. வாத்தியாரிடம் காட்டினேன், இலக்கணம் சுத்தம் என்று தலையாட்டினார். ஆனால் அதில் என் தங்கையைக் காணோம். “பெருமதிப்பிற்குரிய தமையனார்” என்று அவள் எந்தக் காலத்திலும் சொல்லியிருக்க மாட்டாள். என்னை “டேய் அண்ணே” என்று கூப்பிட்டவள் அவள்.

தபாலாபீஸ் ஆள் படித்துக் காட்டிய நாளில் எனக்கு இது தெரியவில்லை. எல்லாக் கடிதமும் அவர் குரலில்தான் இருக்கும், நானும் அதுதான் கடிதம் என்று நினைத்திருந்தேன். இப்போது நானே படிக்கிறேன். அவள் குரலைத் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

அவள் வூடு என்றால் வூடு என்றே எழுது. கீது என்றால் கீது. வகுப்பில் அப்படி எழுதினால் எனக்கு முட்டைதான். ஆனால் உனக்கு நான் மார்க் போடுகிறேன். ஒரே ஒரு கடிதம் அப்படி அனுப்பு, போதும்.

பஷீருக்கு என் துஆ.

மாமா
தாவூது


சிங்கப்பூர்
11.2.1955

அன்புள்ள மாமா அவர்களுக்கு, மைமூன் ஸலாம். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்களிடம் அப்படி எழுத மனம் வரவில்லை.

டிசம்பரில் உங்கள் கடிதம் வந்த வாரம் மாமிக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு முறை விட்டு விட்டு வந்தது. உங்களுக்குத் தெரிவிக்கக் கூடாது என்று எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். “அவன் தனியா குந்திகினு அழுவான்” என்றார்கள். இப்போது தேறி வருகிறார்கள். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

மாமி பேசுவதை அப்படியே எழுதத் தயக்கமாகத்தான் இருந்தது. என் அத்தா இங்கே தமிழ்ப் பள்ளிக்கூட ஆசிரியர். கடிதம் என்றால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று பிரம்பால் கற்றுக் கொடுத்தார். மாமியின் பேச்சை நான் அழுக்குத் துணியைத் துவைப்பதுபோலத் துவைத்துத்தான் தாளில் காயப்போடுவேன். அவர்களுக்குப் பெருமை செய்வதாக நினைத்திருந்தேன்.

மாமி முன்பு உங்களுக்குச் சொல்லி எழுதிய கடிதங்களை நினைத்துப் பார்க்கிறேன். எந்தெந்த இடத்தில் எதை மாற்றினேன் என்று இப்போது எனக்கே தெரியவில்லை. நீங்கள் கேட்டபடி அடுத்த கடிதத்தை எழுதுகிறேன்.

என் கணவர் நல்லவர் மாமா. பயந்தவர். அதற்கு மேல் நான் சொல்லக் கூடாது.

உங்கள் மகள்
மைமூன்


சிங்கப்பூர்
27.2.1955

டேய் அண்ணே,

ஸலாம். நான் சொல்றத அப்படியே எய்தறேன்னு மைமூன் குந்திகினு கீறா. இன்னா சொல்றதுன்னே தெரியல. இத்தினி வருசமா நான் ஒண்ணு சொன்னா அவ அழகா ஒண்ணு எய்துவா. இப்ப வாய்க்கு வர்றதெல்லாம் தாள்ல பூடும்னு கூச்சமா கீது.

நான் நல்லாத்தான் கீறேன். கஞ்சி குடிக்கிறேன். காலு மட்டும் தள்ளாடுது. டாக்டரு நெஞ்சுல வெச்சி கேட்டுட்டு, இந்தம்மா இன்னும் ரொம்ப நாளு இருப்பாங்கன்னு சொன்னாரு. பஷீருதான் நம்பல. அவங்க அத்தா போனதுலேர்ந்து நான் இருமுனா கூட கடைய வுட்டுட்டு ஓடியாந்து நிக்கிறான். அவன் மூஞ்சியப் பாத்தா எனக்கு பேஜாரா கீது. இவன வுட்டுட்டு நான் எங்க வர்றது?

மூணு மைலுதான்னு நீ மாத்தி எய்தினத படிச்சி காட்னா. நூறுன்னு எய்திட்டு மூணுங்கிற. அடுத்த கடுதாசில நடந்தே வரலாம்னு எய்துவ போல கீது. உன் கணக்கு சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்.

நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சி, நாக்கு மாறல பாத்தியா. இங்க பக்கத்து வூட்டுக்காரங்க நான் பேசினா சிரிப்பாங்க. சிரிக்கட்டும். சொப்பனத்துல வலை காயற வாசம் வருது அண்ணே. நானு நீயி அம்மா மூணு பேரும் கரையில போய்கினே கீறோம். எய்ந்தா வாசம் பூடுது.

நீ வா வான்னு எய்தாத. மெய்யாலுமே எனக்கு மெட்ராஸுக்கு வர இஷ்டம் இல்ல. மெய்யாலுமே உன்னப் பாக்கணும்னு தோணல. ஒடம்ப பாத்துக்க.

காத்தூன்

மாமா, மாமி சொன்னதில் ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. — மைமூன்


இராயபுரம்
9.3.1955

அன்புள்ள பஷீருக்கு, உன் மாமா தாவூது ஸலாம். நான் சுகம். உன் கடை வியாபாரமும் உடம்பும் நன்றாக இருக்க துஆ செய்கிறேன். இந்தக் கடிதத்தை நீ தனியாகப் படி. உன் அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

உன் அம்மாவின் கடிதத்தைத் தெருவில் நின்றே பிரித்தேன். முழுசும் படித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று. கடைசியில் ஒரு வார்த்தை இருந்தது. அது இரண்டு தடவை இருந்தது. தபால்காரர் என்னைப் பிடித்துக் கடை பெஞ்சில் உட்கார வைத்தார். கெட்ட சேதியா பாய் என்று கேட்டார். இல்லை, பாயசம் என்று சொன்னேன். அவர் பயந்துபோய்விட்டார்.

நவம்பர் மாசக் கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அதில் “உண்மையாகவே விருப்பம் இல்லை” என்று இருக்கிறது. அன்றைக்கும் அவள் வாயில் வந்தது அந்த வார்த்தையாகத்தான் இருக்கும். மைமூன் அதைத் துவைத்திருக்கிறாள். அவளைக் கோபிக்காதே. அவள் துவைக்காமல் விட்டதால்தான் இன்று எனக்குத் தெரிந்தது. இப்போது வந்த கடிதத்தில் அந்த வார்த்தைக்குக் கீழே மெல்லிசாக ஒரு கோடு இருக்கிறது. என் தங்கைக்குக் கோடு போடத் தெரியாது. போட்டது யார் என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

நீ பயப்படுவது தப்பில்லை. அத்தாவை இழந்த பிள்ளை அம்மாவைக் கண்ணுக்கு முன்னால் வைத்திருக்கத்தான் நினைக்கும். நானும் அவளை ஒரு நாள் ஹார்பரில் நின்று கப்பலேற்றி அனுப்பியவன். எனக்கு அந்தப் பயம் தெரியும்.

ஒன்றே ஒன்று செய். நாளைக்குக் காலையில் அவளிடம் போய், மெட்ராஸுக்கு அனுப்பட்டுமா அம்மா என்று கேள். நீயே கேட்க வேண்டும். “வேணாம்” என்று மட்டும் சொன்னால் விட்டுவிடு, நான் இனி எழுத மாட்டேன். “மெய்யாலுமே வேணாம்” என்று சொன்னால் போய் டிக்கெட் எடு.

மாமா
தாவூது


சிங்கப்பூர்
30.3.1955

மதிப்புள்ள மாமாவுக்கு, பஷீர் ஸலாம். அனைவரும் நலம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, சுருக்கமாக முடிக்கிறேன்.

கேட்டேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்க்காமல் “மெய்யாலுமே வேணாம்டா” என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து நான் சட்டை மாட்டும்போது, நான் கேட்காமலேயே இன்னொரு தடவை சொன்னார்கள். கடைக்குக் கிளம்பும்போது வாசல் வரை வந்து மூன்றாவது தடவையும் சொன்னார்கள்.

இத்தனை வருஷம் அம்மா என்னிடம் எத்தனை முறை அப்படிச் சொன்னார்களோ. புதுப் புடவை வேண்டாம், டாக்டர் வேண்டாம், ஊருக்குப் போக வேண்டாம். நான் எல்லாவற்றையும் நம்பியிருக்கிறேன்.

பயணத்துக்கு வேண்டிய தாள்கள் தயாராக இரண்டு மாதம் ஆகும். மே கடைசியில் அனுப்புகிறேன். பத்திரமாகத் திருப்பி அனுப்புங்கள் மாமா.

பஷீர்


இராயபுரம்
12.6.1955

அன்புள்ள மைமூனுக்கும் பஷீருக்கும் மாமாவின் ஸலாம். இங்கே நான் சுகம். காத்தூனும் சுகம். இந்த இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டு, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீனம்பாக்கத்துக்கு லியோனார்டும் கூட வந்தான். விமானத்திலிருந்து படியில் எல்லோரும் இறங்கினார்கள். கடைசியில் வெள்ளைப் புடவையில் ஒரு கிழவி கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெயிலைத் திட்டுகிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சுளிப்பு நான் தூக்கி வளர்த்த சுளிப்பு. கிட்டே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இன்னாடா அண்ணே, இத்தினி குள்ளமா பூட்ட?” என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. எழுதத் தெரிந்திருந்தும் பிரயோசனமில்லை, அப்போது கையில் தாள் இல்லை.

காசிமேட்டுக்கு அழைத்துப் போனேன். வலை காய்ந்துகொண்டிருந்தது. நெடுநேரம் மூக்கை மூடாமல் நின்றிருந்தாள். பிறகு கலீஜா நாறுது, வூட்டுக்குப் போலாம் என்றாள்.

சாயங்காலங்களில் நாங்கள் கரையில் உட்கார்ந்திருக்கிறோம். விமானம் போகும்போதெல்லாம் இது உங்கள் ஊருக்குத்தான் என்று அவள் சொல்கிறாள். வட பக்கம் போவதைக்கூடச் சொல்கிறாள். நான் திருத்துவதில்லை. நேற்று அப்படி ஒன்று மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டு, இங்கேருந்து அங்க எத்தினி மைலு என்று கேட்டாள். அதே ஆயிரத்து எண்ணூறுதான் என்றேன். வந்தபோது அவ்வளவு தூரமாகத் தெரியவில்லையே என்றாள்.

இனி அவள் சொல்ல, நான் எழுதுகிறேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. வாத்தியார் பார்த்தால் முட்டைதான்.

அம்மா மைமூனு, நான் நல்லா கீறேன். அண்ணன் குந்திகினு எய்துது. ஒரு வரி எய்தறதுக்குள்ள நான் ஒரு வேள நமாஸ் தொய்துட்டு வந்துடலாம் போல. விமானத்துல பயமே இல்ல. ஆனா ஏறிச்சி பாரு, ஏறிகினே இருந்துச்சி. மூணு மைலுன்னு யாரு சொன்னது? அண்ணன் மொதல்ல எய்தினதுதான் சரி. ஏற நூறு, எறங்க நூறு. லியோனார்டு சிரிக்கிறான். அவனா ஏறினான், நான் ஏறினேன்.

பஷீரு வேளைக்கு சாப்புடறானா? மத்தியானம் கடையிலயே டீய குடிச்சிட்டு இருந்துடுவான், நீ சோறு குடுத்தனுப்பு. என் தலகாணிய வெயில்ல போடு. என்னப் பத்தி ரோசன பண்ணாதீங்க. இங்க எனக்கு ஒரு கொறையும் இல்ல. மெய்யாலுமே எனக்கு உங்க யாரு ஞாபகமும் வரல.

மைமூன், அந்த வார்த்தைக்குக் கீழே கோடு போட்டது நான்.

மாமா
தாவூது